நிஸாப்: கத்திப் பிடியின் வரலாற்றில் சில ஏடுகள்

ஜகாத் கடமையாவதற்குரிய குறைந்தபட்ச அளவினை 'நிஸாப்' என்கிறோம். இருபது மிஸ்கால் தங்கம், இருநூறு திர்ஹம் வெள்ளி, ஐந்து ஒட்டகம் என்று சட்ட நூல்கள் அதனை வரையறுத்துள்ளன. அரபுக் கல்லூரி மாணவர் ஒருவர் அகராதியைப் புரட்டி இச்சொல்லின் வேரைத் தேடுவாராயின், அங்கே வேறொரு பொருளும் தமக்காகக் காத்திருப்பதைக் கண்டு வியப்பார். நிஸாப் என்பது கத்தியின் கைப்பிடி. இப்னு மன்ளூரின் 'லிஸானுல் அரப்' உள்ளிட்ட பேரகராதிகள் இதனைக் குறிப்பிடுகின்றன. நாட்டுதல், நிலைநிறுத்துதல் என்னும் பொருளுடைய 'நஸப' எனும் வேரிலிருந்து பிறந்த சொல் இது. அலகின் வால் எதில் நாட்டப்படுகிறதோ அது நிஸாப். ஒரு பொருளின் மூலத்தையும் அடித்தளத்தையும் குறிக்கவும் இதே சொல் வழங்குகிறது.

கத்தியின் மூலம் அதன் அலகு அன்று, பிடிதான் என்று இச்சொல்லை ஆண்டவர்கள் கருதினார்கள் என நான் வாதிட வரவில்லை. சொல்லாராய்ச்சியை அந்த அளவுக்கு இழுப்பது முறையாகாது. ஆயினும் நம் வரலாற்றாசிரியர்கள் அலகுக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கையும் பிடிக்குக் கொடுக்கவில்லை என்பது உண்மை. திமிஷ்கின் எஃகு பற்றியும், அதற்கு மூலப்பொருளாகச் சென்ற தென்னிந்திய உருக்கு பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் கத்தியைப் பயன்படுத்துகிறவன் அலகைத் தொடுவதில்லை. அவன் கை அறிவதெல்லாம் பிடியை மட்டுமே.

அன்றாடம் உடன் கொண்டு செல்லும் சிறு கத்தியை நாம் 'பேனாக்கத்தி' என்கிறோம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று இன்றைய பிள்ளைகள் கேட்கக்கூடும். இறகையும் நாணலையும் சீவி எழுதிய காலத்தின் எச்சம் இப்பெயர். ஓலையில் எழுதிய தமிழர்களும், கைப்பிடிக்குள் மடங்கி அடங்கும் மடக்கெழுத்தாணியை வைத்திருந்தார்கள். அரபு உலகில் இதன் பெயர் 'ஸிக்கீனுல் மிக்லமா', அதாவது எழுதுகோற்பெட்டியின் கத்தி. பாரசீகத்திலும் உஸ்மானியத் துருக்கியிலும் 'கலம்தராஷ்' (கோல் சீவி) என்று வழங்கினார்கள்.

ஹிஜ்ரி 821 (கி.பி. 1418)இல் மறைந்த எகிப்தின் அரசவை எழுத்தர் அல்-கல்கஷந்தீ, 'ஸுப்ஹுல் அஃஷா' என்னும் தம் பெருநூலில் எழுத்தர் ஒருவருக்குத் தேவையான பதினேழு கருவிகளை வரிசைப்படுத்துகிறார். அவை யாவும் மீம் எழுத்தில் தொடங்குவதாக அமைத்திருப்பது அக்கால எழுத்தர்களின் சொல் விளையாட்டு. எழுதுகோலாகிய மிஸ்பர், அதனைச் சீவும் முத்யா, நுனி வெட்டுவதற்கான பலகையாகிய மிகத்து, சாணைக்கல்லாகிய மிஸன் என நான்கு கருவிகள் எழுதுகோலையும் அதனைச் சீவும் வேலையையும் சேர்ந்தவை. எழுதும் தாளுக்கு முன்பே கத்திக்கு இவ்வளவு கவனம் ஏன்? எழுத்தின் வடிவம் கோலின் நுனி வெட்டப்படும் சாய்வைப் பொறுத்தது. சாய்வு சற்று மாறினால் நஸ்க் வேறாகும், துலுத் வேறாகும். ஹிஜ்ரி 413இல் பக்தாதில் மறைந்த எழுத்தணிக் கலைஞர் இப்னுல் பவ்வாப், எழுத்துக்கலை பற்றிய தம் ராயிய்யாக் கவிதையில் கோல் வெட்டுவதைத் தனிக் கலையாகவே பேசுகிறார்.

நாணலைப் பலகையின்மீது கிடத்தி, அலகை அதன்மேல் நிறுத்தி, ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும். இரண்டாம் அழுத்து விழுந்தால் நுனி பிளவுபடும். இங்கேதான் பிடி பேசத் தொடங்குகிறது. கலம்தராஷின் அலகு குட்டையானது. பிடியோ அதைப்போலப் பன்மடங்கு நீண்டு, மெலிந்து, உள்ளங்கையில் முழுவதுமாகப் படிந்து கிடக்கும். விரல் நுனியின் நுட்பமும் உள்ளங்கையின் பலமும் ஒருசேர அலகுக்குச் செல்ல இந்த நீளம் உதவியது. யானைத் தந்தம், வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தம், கருங்காலி, பவளம், அகீக் கல் எனப் பலவற்றால் இப்பிடிகள் செய்யப்பட்டன. இஸ்தன்பூல் அருங்காட்சியகங்களில் இவற்றைக் காணலாம். பார்வைக்குப் பவளமும் அகீக்கும் அழகியவை. ஆனால் எழுத்தனின் கை வேறு நியாயம் கேட்கும். உலோகமும் கல்லும் கையின் வெப்பத்தை விரைந்து இழுத்துக்கொள்வதால் குளிர்ந்து தோன்றுகின்றன. வியர்வை படிந்தால் வழுக்குகின்றன. தந்தமும் கொம்பும் வெப்பத்தை மெல்லவே கடத்துகின்றன. எடுத்த மாத்திரத்தில் கையோடு ஒத்துப்போகின்றன. தந்தத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை சிறிதளவு ஈரத்தை வாங்கிக்கொள்வதால் பிடி கைக்குள் நழுவுவதில்லை. மை ஈரத்தோடும் விரல் வியர்வையோடும் நாள் முழுதும் வேலை செய்தவர்களுக்கு இது ஆடம்பரமன்று, தேவை.

மார்க்கச் சட்ட அறிஞர்களும் கத்திப் பிடியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களுடைய வாளின் பிடித்தலைப்பு வெள்ளியால் ஆனதாக இருந்தது என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. இதனை ஆதாரமாகக் கொண்டு போர்க்கருவிகளில் வெள்ளி அலங்காரம் ஆண்களுக்கு ஆகும் என்றனர். பேனாக்கத்திக்கு ஆகுமா? ஹிஜ்ரி 977இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் அல்-கதீப் அஷ்ஷிர்பீனீ 'முஃக்னில் முஹ்தாஜ்' நூலில் இதற்கு நேரடி விடை தருகிறார். வேலைக்குரிய கத்தியையும் எழுதுகோற்பெட்டிக் கத்தியையும் வெள்ளியால் அலங்கரிப்பது ஆண், பெண் இருபாலார்க்கும் கூடாது. மைக்கூட்டுக்கும் முகக்கண்ணாடிக்கும் உரிய சட்டமே இவற்றுக்கும் என்பது அவர் தீர்ப்பின் சாரம். போரில் எதிரியின் கண்ணுக்குக் காட்டுவதற்கு ஒரு பயன் உண்டு. மேசையில் யாருக்குக் காட்டுவது என்பதே இதன் உள்ளார்ந்த கேள்வி என நான் விளங்கிக்கொள்கிறேன்.

தந்தமும் கொம்பும் தூய்மையானவையா என்பது அடுத்த விவாதம். ஹனஃபீ மத்ஹபில் செத்த பிராணியின் எலும்பு, கொம்பு, முடி ஆகியவற்றில் உயிரோட்டம் இல்லையாதலால் அவை தூய்மையானவை. யானைத் தந்தத்தில் மட்டும், யானையைப் பன்றியோடு சேர்த்து எண்ணிய இமாம் முஹம்மது (ரஹ்) தம் ஆசிரியரிடமிருந்து மாறுபட்டார். ஷாஃபிஈ மத்ஹபின் உறுதியான கருத்தில், முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் கொம்பும் எலும்பும் நஜீஸ். உண்ணத்தகாத பிராணியை அறுத்தாலும் அவை தூய்மையாவதில்லை. ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு 'ஆஜ்' வளையல் இரண்டு வாங்கிவருமாறு ஸவ்பான் (ரலி) அவர்களிடம் நபிகளார் கூறிய செய்தியில் வரும் 'ஆஜ்' என்பதற்கு, யானைத் தந்தம் என்று பொருள்கொள்ளாமல் ஆமையோடு என்று ஷாஃபிஈகள் பொருள்கொண்டதும் இதனாலேயே. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபீகளும் மிகுதி என்பதால், ஒரே தந்தப் பிடிக் கத்தி காயல்பட்டினத்தில் ஒரு சட்டத்தையும் திருச்சியில் மற்றொரு சட்டத்தையும் சந்திக்கும். ஈரக் கையால் அதைப் பிடிப்பவர் கவனிக்க வேண்டியவை ஊருக்கு ஊர் வேறுபடும்!

இத்தகைய பிடிகள் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தன என்பதற்கு அபூ ரைஹான் அல்-பீரூனீயே சான்று. கி.பி. 1030 அளவில் அவர் இயற்றிய 'கிதாபுல் ஹிந்த்' நூலில் இந்தியக் காண்டாமிருகத்தை வருணித்துவிட்டு, ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள ஸுஃபாலாவுக்குச் சென்றுவந்த ஒருவரிடம் தாம் கேட்டறிந்ததையும் சேர்க்கிறார். அந்நாட்டு விலங்கொன்றின் கொம்பே தம் நாட்டுக் கத்திகளுக்குப் பிடியாகிறது என்பது அச்செய்தி. கஸ்னாவில் இருந்த அறிஞரின் காலத்துக் கத்திப் பிடிக்கு இன்றைய மொசாம்பிக் கரையிலிருந்து பொருள் வந்திருக்கிறது. வடக்கேயிருந்து வந்த 'குத்து' என்னும் பொருளைப் பற்றியும் அவருடைய மணிக்கல் நூல் பேசுகிறது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரீ தம் துருக்கி மொழி அகராதியில், கடல்மீனின் கொம்பு என்றும் மரவேர் என்றும் மக்கள் சொன்ன ஒரு பொருளிலிருந்து கத்திப் பிடி செய்ததையும், உணவில் நஞ்சிருந்தால் அது காட்டிக்கொடுக்கும் என நம்பியதையும் பதிந்துள்ளார். இது வால்ரஸ் தந்தமாக இருக்கலாம் என்று 1913இல் பெர்தோல்டு லாஃபர் விரிவாக ஆராய்ந்து எழுதினார். நஞ்சு பற்றிய நம்பிக்கை வெறும் நம்பிக்கையே. ஆனால் அந்த நம்பிக்கையால் பிடியின் விலை கைக்கு இதம் தருவதன் விலையைத் தாண்டிச் சென்றது. கையின் தேவைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பொருள் பிற காரணங்களுக்காக மதிக்கப்படத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை, ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து யெமன் முழுமையாகக் காட்டியது.

யெமனியர் இடுப்பில் அணியும் வளைந்த குத்துக்கத்தி 'ஜன்பிய்யா'. விலாப்புறம் என்னும் பொருளுடைய 'ஜன்ப்' என்பதிலிருந்து வந்த பெயர். அலகு 'நஸ்ல்', பிடி 'ரஃஸ்' அதாவது தலை. உறையின் வடிவைக் கொண்டே அணிந்தவரின் நிலையை அறியலாம். முனை மேல்நோக்கி வளைந்த 'அஸீப்' குலத்தவர்களுக்குரியது. சற்றே சாய்த்து அணியப்படும் மெலிந்த 'தூமா' ஸையிதுகளுக்கும் காழிகளுக்கும் உரியது. இந்தக் கத்தியை உறையிலிருந்து உருவுவது அரிது. 'பரஃ' என்னும் கூட்டு ஆட்டத்தின்போது கையில் ஏந்துவர். குலங்களுக்கிடையே வழக்கு நேரும்போது நடுவரிடம் பிணையாக ஒப்படைப்பர். மற்ற வேளைகளில் அது இடுப்பிலேயே இருக்கும். கை இயல்பாகவே அதன் பிடிமீது சென்று தங்கும். ஆகவே யெமனியன் தன் கத்தியை அறிவது பெரும்பாலும் பிடியின் வழியாகத்தான்.

அப்பிடிக்குக் காண்டாமிருகக் கொம்பு ஏன் வந்தது? புவியியல் ஒரு காரணம். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான 'பெரிப்ளூஸ்', யெமனுக்கு எதிர்க்கரையிலுள்ள அதூலிஸ் துறைமுகத்திலிருந்து தந்தம், ஆமையோட்டுடன் காண்டாமிருகக் கொம்பும் ஏற்றுமதியானதைச் சொல்கிறது. பொருளின் இயல்பு மற்றொரு காரணம். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் கொம்பு, எலும்பின்மீது போர்த்திய உறை. எலும்பை நீக்கினால் நுனியைத் தவிர மீதி உள்ளீடற்றது. காண்டாமிருகக் கொம்புக்குள் எலும்பில்லை. நம் நகமும் முடியும் எப்பொருளால் ஆனவையோ அதே கெராட்டின் நாரிழைகள் நெருங்கிப் படிந்து, அடிமுதல் நுனிவரை ஒரே திண்மையாக நிற்பது அது. இடை சிறுத்து, தலை விரிந்த ஜன்பிய்யாப் பிடியை ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையிலிருந்து செதுக்க இத்திண்மை இடம் தந்தது. கடல்மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கு மேலுள்ள ஸன்ஆவின் குளிர்காலைகளிலும் அது கையைக் கடிப்பதில்லை. நகத்தை நகம் தொடுவதுபோன்ற ஓர் இணக்கம் அதற்கு உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, அது வயதாக ஆக மாறுகிறது. புதிய கொம்பு மங்கலானது, நாரிழைகள் தெரிவது. ஆண்டுக்கணக்கில் கையின் எண்ணெய்ப்பசையும் உராய்வும் பட்டுப்பட்டு அது மெருகேறி, ஒளியைச் சற்றே உள்ளே விடும் மஞ்சள் நிறம் அடைகிறது. அந்நிலையை 'ஸைஃபானீ' என்றனர். பசுமை கலந்த மஞ்சளாயின் 'அஸதீ'. வெங்காயத்தின் வெண்மையை ஒத்ததாயின் 'பஸலீ'. இவை தேய்வுக்கு இடப்பட்ட பெயர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தந்தையிடமிருந்து மகனுக்கும், அவனிடமிருந்து பேரனுக்கும் சென்ற கைகளின் கணக்கு அந்த மஞ்சளில் இருந்தது. ஸைஃபானீப் பிடியின் மதிப்பு, கொம்பு கிடைப்பதற்கரியது என்பதால் மட்டும் வந்ததன்று. விலைக்கு வாங்கமுடியாத காலம் அதில் ஏறியிருந்ததால் வந்தது.

1962 செப்டம்பரில் இமாமின் ஆட்சி வீழ்ந்தது. 1970 வரை உள்நாட்டுப் போர் நீடித்தது. அதுவரை பெரும்பாலும் உயர்குடியினர் இடுப்பில் இருந்த காண்டாமிருகக் கொம்புப் பிடியை இனி யாரும் அணியலாம் என்றானது. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததும் இலட்சக்கணக்கான யெமனிய இளைஞர் ஸவூதியிலும் வளைகுடாவிலும் வேலைக்குச் சென்றனர். கையில் பணத்தோடு திரும்பிய இளைஞன், பாட்டன் அணியமுடியாததைத் தான் அணிய விரும்பினான். அவ்விருப்பத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வளைகுடாப் பணத்தில் வீடு கட்டிய நம் ஊர்களிலும் இதன் மறுவடிவங்கள் உண்டு. பழைய ஸைஃபானீகள் சிலவே. புதிய கொம்புக்கோ சந்தையில் எல்லையில்லை. வட யெமன் அரசின் இறக்குமதிக் கணக்கின்படி, 1969க்கும் 1977க்கும் இடையில் மட்டும் 22 டன்னுக்கு மேற்பட்ட காண்டாமிருகக் கொம்பு அந்நாட்டுக்குள் வந்தது. ஒரு கருங்காண்டாமிருகத்தின் இரு கொம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 3 கிலோ எனக் கொண்டால், ஏழாயிரத்துக்கு மேற்பட்ட விலங்குகள். கணக்கில் வராமல் வந்தவை வேறு. செதுக்கும்போது உதிர்ந்த சீவலும் தூளும் வீணாகவில்லை. மருந்துக்காகக் கீழையாசியாவுக்கு விற்கப்பட்டன.

1970இல் ஆப்பிரிக்காவில் சுமார் 65,000 கருங்காண்டாமிருகங்கள் இருந்தன. 1995 வாக்கில் அவை 2,500க்கும் கீழே சென்றன. இதற்கு யெமன் மட்டுமே காரணமன்று. சீன மருத்துவத்தின் தேவையும் ஆப்பிரிக்க நாடுகளின் போர்களும் பெரும் பங்கு வகித்தன. ஆனால் ஒரு சிறிய நாட்டின் கத்திப் பிடிகள் இதில் பெற்ற இடம் சிறியதன்று. எஸ்மண்ட் பிராட்லி மார்ட்டின் என்னும் ஆய்வாளர் பல ஆண்டுகள் ஸன்ஆச் சந்தைக்குச் சென்று, பட்டறைதோறும் அமர்ந்து கணக்கெடுத்து இதனை உலகுக்குச் சொன்னார். அவர் 2018இல் நைரோபியில் தம் இல்லத்தில் கொலையுண்டு கிடந்தார்.

1982இல் வட யெமன் அரசு கொம்பு இறக்குமதியைத் தடைசெய்தது. கடத்தல் நிற்கவில்லை. 1990களின் தொடக்கத்தில், காண்டாமிருகங்களைக் கொல்வது இறைவிருப்பத்துக்கு மாறானது என்று யெமனின் தலைமை முஃப்தியிடமிருந்து ஃபத்வா வெளிவந்தது. சட்ட வரலாற்றில் இதனைக் குறிப்பிடத்தக்க ஒன்றாகக் கருதுகிறேன். நம் நூல்கள் கத்திப் பிடியிடம் இரு கேள்விகளையே கேட்டுவந்தன: இது தூய்மையானதா? இதில் வீண்பெருமை உண்டா? இப்பிடி எவ்வுயிருக்குரியது, அவ்வுயிர் இனி எஞ்சுமா என்னும் மூன்றாவது கேள்விக்குப் பிடி பற்றிய பாடத்தில் இடமில்லாதிருந்தது. ஆதாரம் இல்லாமலன்று. சிட்டுக்குருவியை உரிய காரணமின்றிக் கொன்றவரும் மறுமையில் விசாரிக்கப்படுவார் என்ற கருத்தமைந்த நபிமொழி நஸாயீயில் உள்ளது. வேட்டைப் பாடத்தில் அதனை ஓதுகிறோம். பாத்திரங்களின் பாடத்தில் தந்தத்தைப் பற்றி ஓதுகிறோம். இரு பாடங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஓத, பல்லாயிரம் விலங்குகள் அழியும்வரை நாம் காத்திருந்தோம் என்பதே என் வருத்தம்.

ஃபத்வாவால் மட்டும் சந்தை அடங்கியது என்று சொல்வது மிகையாகும். 1990இல் வளைகுடா நெருக்கடியை அடுத்து ஸவூதியிலிருந்து பல இலட்சம் யெமனியர் திரும்ப நேர்ந்தது. வாங்கும் கை சுருங்கியது. யெமன் 1997இல் அருகிவரும் உயிரின வாணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையில் இணைந்தது. ஆப்பிரிக்காவில் கருங்காண்டாமிருகங்கள் இப்போது மெல்லப் பெருகி ஆறாயிரத்தைத் தாண்டியுள்ளன.

மாற்றுப் பொருள் தேடியவர்கள் முதலில் யெமனின் புகழ்பெற்ற அகீக் கல்லை முன்வைத்தார்கள். நாட்டின் சொந்தக் கல், மார்க்கத் தடையும் இல்லை, நிறமும் செம்மஞ்சள். அது பெருவழக்காகவில்லை. கல் கனமானது, குளிர்ந்தது, கீழே விழுந்தால் உடைவது. தவிரவும் அது மாறுவதில்லை. அகீக் முதல் நாள் இருந்தவாறே நூறாண்டுக்குப் பின்னும் இருக்கும். பாட்டனின் கை அதில் எந்தத் தடமும் விடாது. பிளாஸ்டிக்கும் மரமும் மலிவாக வந்தன. இறுதியில் ஸன்ஆப் பட்டறைகளில் பெரும்பாலும் நிலைத்தது எருமைக் கொம்பு. அதில் மிகுதியும் இந்தியாவிலிருந்து சென்றது. இறைச்சிக்காக அறுக்கப்படும் எருமையின் கொம்பாதலால் அதற்கென்று ஓர் உயிர் தனியே கொல்லப்படுவதில்லை. உள்ளீடற்றதாகையால் திண்ணிய நுனிப்பகுதியே பிடிக்கு உதவும். நிறம் கருமை, ஒளி ஊடுருவாது. ஆயினும் அதுவும் கெராட்டினே. கையில் எடுத்தால் குளிர்வதில்லை, வியர்வையில் நழுவுவதில்லை, புழங்கப்புழங்க மெருகேறுகிறது.